கில்டில் இரண்டு ஸ்வாப்: அம்மாவின் சுங்குடியை வெட்டலாமா?

ஊசிநூல்:

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கத்தில் சுகர்லேண்டில் இருக்கிறேன். இந்த வருஷம்தான் இங்குள்ள குயில்ட் கில்டில் சேர்ந்தேன், துணித்துண்டுகளைச் சேர்த்து விரிப்பு, போர்வை தைப்பவர்களின் சங்கம். மாதம் ஒருமுறை ஒரு சர்ச் ஹாலில் கூடுவார்கள். பாதிப் பேர் ரிட்டயர் ஆன பாட்டிகள். நன்றாகத் தைப்பார்கள், அதைவிட நன்றாகப் பலகாரம் கொண்டுவருவார்கள். கடைசி அரை மணி நேரம் ஷோ அண்ட் டெல், அவரவர் தைத்ததைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் இதுவரை கைதட்டுவதோடு சரி.

இப்போது இரண்டு ஸ்வாப், அதாவது தைத்ததை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது, அறிவித்திருக்கிறார்கள். ஒன்று பிளாக் ஸ்வாப். பிளாக் என்பது பலவற்றைச் சேர்த்துக் குயில்ட் ஆக்கும் ஒரு சதுரம். ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார், தைத்து முடித்ததும் ஆறரை அங்குலச் சதுரம் இருக்க வேண்டும், துணி குயில்டிங் காட்டன் என்கிற கெட்டிப் பருத்தி, பின்னணி வெள்ளை, நட்சத்திரத்தின் நிறம் நம் இஷ்டம். பன்னிரண்டு தைத்துக் கொடுத்தால் வேறு வேறு பேர் தைத்த பன்னிரண்டு நமக்கு வரும். இன்னொன்று மக் ரக். ஒரு கப், பக்கத்தில் இரண்டு பிஸ்கட் வைக்கிற அளவுக்குச் சின்ன குயில்ட், 6-க்கு 9 அங்குலம். சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தோம். யாருக்குத் தைக்கிறோம் என்று டிசம்பர் கூட்டம் வரை மூச்சு விடக் கூடாது. எனக்கு வந்த சீட்டில் இருப்பது: நீலமும் அடர் சிவப்பும் பிடிக்கும், டீதான் குடிப்பேன், கார்ட்டூன் பிரின்ட் வேண்டாம், வீட்டில் பூனை உண்டு.

விஷயம் என்னவென்றால், ஜோஆன் என்ற துணிக்கடை நிறுவனம் 2025-இல் கடைகளை மொத்தமாக மூடியதிலிருந்து நாங்கள் எல்லாரும் சுற்றியுள்ள அதே இரண்டு மூன்று கடைகளில்தான் துணி வாங்குகிறோம். யார் பிளாக்கைப் பார்த்தாலும் அதே பூ, அதே இலை. என் பெட்டியில் அம்மாவின் மதுரைச் சுங்குடி ஒன்று இருக்கிறது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி, அம்மா நிறையக் கட்டிய புடவை. அப்பாவுக்கு எடுத்துத் தைக்காமலே கிடக்கும் மெட்ராஸ் செக் சட்டைத்துணியும் இருக்கிறது, நீலமும் மஞ்சளும். இவற்றை ஸ்வாப்புக்கு வெட்டலாமா?

சாயம் இறங்கி அடுத்தவர் குயில்ட் பாழானால் எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவது? புடவைத் துணி மெல்லிசு வேறு, குயில்டிங் காட்டனோடு சேர்த்துத் தைத்தால் நிற்குமா? அப்புறம் இந்தக் கால் அங்குலத் தையல், துணி ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் விட்டுத் தைப்பது. ப்ளவுஸ் தைத்துப் பழகிய எனக்கு, இதற்கு ஏன் இவ்வளவு கறார் என்று பிடிபடவில்லை. யாராவது சொல்லுங்கள்.

சின்னாளப்பட்டிக்காரன்:

சகோ, நமக்குக் குயில்ட் தெரியாது, சுங்குடி தெரியும். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியதா, பிரின்டா என்று முதலில் பாருங்கள். முடிச்சுச் சுங்குடியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, ஓரம் கொஞ்சம் கலங்கி இருக்கும். பிரின்டில் எல்லாம் அச்சு மாறாமல் ஒரே புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் கடையில் தொங்குவதில் பாதிக்கு மேல் பிரின்ட்தான் என்பது என் கணிப்பு. எதுவானாலும் அரக்குக் கலரை நம்பாதீர்கள். கல்லுப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, இரண்டு மூடி வினிகர் விட்டு அலசுங்கள். எங்கள் வீட்டில் காலங்காலமாக அதுதான்.

மெட்ராஸ் செக்கில் கட்டம் நெசவிலேயே வருவது. நூலுக்குச் சாயம் ஏற்றி அப்புறம் தறியில் போடுவார்கள், அதனால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒன்றாக இருக்கும். உங்கள் அமெரிக்காவிலேயே அறுபதுகளில் அதன் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றிருக்கிறார்கள். துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து புதுக் கலர் வரும் என்று சொல்லி! இப்போது வரும் துணி பெரும்பாலும் அப்படி இறங்காது.

காஜா பட்டன்:

உப்பு விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். சாயத் தொட்டியில உப்பு போடறது நிஜம், சாயம் நூல்ல ஏற அது உதவும். ஆனா ஏறி, காய்ஞ்சு, புடவையாகிப் பெட்டிக்குள்ள வந்தப்புறம் உப்புத் தண்ணி எதையும் பிடிச்சு நிறுத்தாது. வினிகர் பட்டு, கம்பளிக்குப் போடற அமிலச் சாயத்துக்கு. பருத்திக்கு அதால பிரயோஜனம் இல்ல. நம்ம வீட்டுல ஊறவெச்சப்போ நடந்தது என்னன்னா, ஒட்டாம நின்ன சாயம் தண்ணியில போச்சு. வெறும் தண்ணியே அதைச் செய்யும். சின்னாளப்பட்டி தம்பி கோவிச்சுக்க வேண்டாம்.

பரீட்சை இப்படிப் பண்ணுங்க. கண்ணாடி டம்ளர்ல கை பொறுக்காத சூட்டுல தண்ணி, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு. சுங்குடியில ஒரு துண்டு, ஸ்வாப்புக்கு வெட்டப்போற அதே வெள்ளைக் காட்டன்ல ஒரு துண்டு, ரெண்டையும் ஒண்ணா அமுக்கி ராத்திரி பூரா விடுங்க. காலையில தண்ணி செவந்திருக்கேன்னு பதறாதீங்க. வெள்ளைத் துண்டுதான் முக்கியம். அது வெள்ளையாவே இருந்தா, புடவையைத் தனியா துவைச்சு, கூட ஒரு கலர் கேச்சர் ஷீட், தண்ணியில இறங்கற சாயத்தை உறிஞ்சற தாள், போட்டாப் போதும். அது ரோஸ் ஆயிட்டா ரீட்டெய்ன் மாதிரி சாயம் பிடிக்கிற மருந்து போடணும். அதுக்கு நல்ல சுடுதண்ணி வேணும், பாட்டில்ல எவ்வளவு சூடுன்னு போட்டிருக்கும். அப்புறம் மறுபடி டம்ளர்.

பாஸ் ஆயிடுச்சுன்னு வையுங்க. அப்பவும் பிளாக் ஸ்வாப்புல சுங்குடியைப் போடாதீங்க. அந்த பிளாக் எவங்க வீட்டுக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில இன்னும் பதினோரு பேர் தைச்சதோட சேர்ந்து உக்காரும். அந்தம்மா வாஷர், டிரையர்னு போட்டுத் தள்ளுவாங்க. மத்ததெல்லாம் புதுத்துணி, உங்களோடது பல வருஷம் கட்டின புடவை. நாளைக்கு அந்தக் குயில்ட்ல முதல்ல நைஞ்சு போறது உங்க நட்சத்திரமாத்தான் இருக்கும். பிளாக் ஸ்வாப்புக்கு அவங்க கேட்ட குயில்டிங் காட்டனே போடுங்க. விதியை எழுதி வெச்சவங்க உங்களை மடக்க எழுதல, வாங்கறவங்களுக்காக எழுதினாங்க.

மக் ரக் கதை வேற. அது முழுசா நீங்க முடிச்சுக் கொடுக்கிற பொருள், வேற யாரோட துணியோடயும் சேராது. சுங்குடியை அதுல தாராளமா வெட்டுங்க. அடர் சிவப்புன்னு சீட்டே சொல்லுது, அப்புறம் என்ன யோசனை? புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிர்ல தூக்கிப் பிடிங்க. ஃபால்ஸ் தைச்ச அடிப்பக்கமும் கொசுவம் வர்ற இடமும் சல்லடையாத் தெரியும். இடுப்புல முதல் சுத்துல உள்ள போற பாகம் வெயிலே பார்த்திருக்காது, நிறமும் கெட்டியும் அங்கதான். வெட்டறதுக்கு முன்னாடி பின்னால எஸ்எஃப் 101 மாதிரி நெய்த இன்டர்ஃபேசிங்கை, அதாவது கெட்டியாக்கற ஒட்டுத்துணியை, இஸ்திரி போட்டு ஒட்டிடுங்க. அப்போ கிட்டத்தட்ட குயில்டிங் காட்டன் கனத்துக்கு வந்துடும், இழை பிரியாது, ரோட்டரி கட்டர் அடியில நழுவாது. கஞ்சி போட்டும் விறைப்பாக்கலாம், ஆனா தைச்சு முடிச்சதும் கஞ்சியைத் துவைச்சு எடுத்துடணும், இல்லேன்னா பூச்சி வரும்.

மெட்ராஸ் செக்கை மக் ரக்கோட பைண்டிங்குக்கு, ஓரத்தைச் சுத்தி மூடற பட்டைக்கு, வெச்சுக்கோங்க. கிராஸா வெட்டினா கட்டம் சாய்ஞ்சு டைமண்டா ஓரத்துல ஓடும், அவ்வளவு அழகா இருக்கும். முக்கோணமா வெட்டி நட்சத்திரத்துல போட்டீங்கன்னா கோடு ஒவ்வொண்ணும் ஒரு திசையில போய்க் கண்ணை உறுத்தும்.

கால் அங்குலத்துக்கு வர்றேன். ப்ளவுஸ்ல உள்ள துணி விட்டிருப்போம், பிடிச்சாப் பிரிச்சு விடுவோம், உடம்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிளாக் இன்னொரு பிளாக்கோட சேரணும், அது விட்டுக்கொடுக்காது. உங்க ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார்ல மூணுக்கு மூணு ஒன்பது கட்டம், ஒவ்வொண்ணும் வெட்டின அளவுல ரெண்டரை அங்குலம். நடுவுல கலர்ச் சதுரம் ஒண்ணு, மூலையில வெள்ளை நாலு, பக்கத்துக்கு ஒண்ணா பாதி வெள்ளை பாதி கலர்ல நாலு. அந்த நாலுக்கு மூணு அங்குலச் சதுரமா கலர் ரெண்டு, வெள்ளை ரெண்டு வெட்டி, கலரும் வெள்ளையுமா ஜோடி போட்டு, வெள்ளை மேல மூலைக்கு மூலை கோடு போடுங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைச்சு, கோட்டு மேல வெட்டினா ஜோடிக்கு ரெண்டு. இஸ்திரி போட்டு ரெண்டரைக்கு ட்ரிம் பண்ணணும், அதுல சோம்பல் கூடாது.

இப்போ தைச்ச பிளாக்கை எடுத்து ஓரத்தைப் பாருங்க. நட்சத்திரத்தோட முனை வெட்டின ஓரத்துல இருந்து சரியா கால் அங்குலம் உள்ள நிக்கணும். ஓரத்தையே தொட்டுதுன்னா, வாங்கினவங்க அடுத்த பிளாக்கோட தைக்கும்போது முனை தையலுக்குள்ள போயிடும், நட்சத்திரம் மூக்கறுந்து நிக்கும்.

மெஷினைச் சரிபார்க்க ஒன்றரை அங்குலப் பட்டை மூணு வெட்டி நீளவாக்குல சேர்த்துத் தைச்சு இஸ்திரி போடுங்க. நடுப்பட்டை மேல பார்த்தா சரியா 1 அங்குலம், மொத்தம் மூன்றரை இருக்கணும். ஸ்கேல்ல கால் அங்குலம் காட்டினாக்கூட நடுப்பட்டை குறையும். துணி மடங்கற இடத்துலயும் ஒரு இழை போகுது இல்லையா, அதனால கால் அங்குலத்துக்கு ஒரு இழை உள்ளதான் தைக்கணும். ஊசியை ஸ்கேலோட கால் அங்குலக் கோட்டுல இறக்கி, ஸ்கேல் ஓரத்தை ஒட்டி மெஷின் மேல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பார்வை டேப்புல இருக்கட்டும், ஊசியைப் பார்க்காதீங்க.

ஸ்கார்பரோ சீலை:

காஜா அக்கா சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம் மட்டும். பெட்டிக்குள்ள கிடந்த சீலையெண்டா பூச்சி வராமல் போடுற அந்த வெள்ளை உருண்டை மணம் கட்டாயம் இருக்கும். எங்களுக்குப் பழகினபடியால் தெரியாது, இஞ்சத்தை ஆக்கள் பார்சலைத் திறந்த உடனே பிடிச்சிடுவினம். அவவிட்ட பூனையும் இருக்குது, பூனைக்கு அந்த உருண்டை நஞ்சு. தோய்ச்சு, காற்றாட நல்லா விரிச்சு விடுங்கோ, மணம் முற்றாப் போன பிறகு வெட்டுங்கோ.

மற்றது, ரெண்டு துணிக்கும் நடுவில உள்ளுக்கு வைக்கிற பேட்டிங் பருத்தியா இருக்கட்டும். சூடான கோப்பைக்குக் கீழ பாலியெஸ்டர் சரிவராது.

ஊசிநூல்:

எல்லாருக்கும் நன்றி. காஜா அக்கா, டம்ளர் வைத்தேன். செக் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. சுங்குடியோடு வைத்த வெள்ளை லேசாக ரோஸ், குழந்தை நகத்தின் நிறம். ரீட்டெய்ன் ஆர்டர் போட்டிருக்கிறேன். சின்னாளப்பட்டி சகோ, புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்று வட்டம், ஒன்று பாதாம்பருப்பு, ஒன்று கொம்பு முளைத்த மாதிரி. முடிச்சுதான்!

மூன்று பட்டை சோதனையில் நடுப்பட்டை நூலிழை குறைகிறது. டேப்பை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்? தையலைப் பிரித்து இஸ்திரி போடுவதா, ஒரு பக்கம் சாய்ப்பதா? பைண்டிங்குக்கு எவ்வளவு வெட்ட வேண்டும்?

காஜா பட்டன்:

நடு குறையுதுன்னா தையல் அகலம் ஜாஸ்தி. டேப்பை ஊசிப் பக்கமா ஒரு இழை நகர்த்துங்க. நகர்த்தறதுன்னா நிஜமாவே ஒரு இழைதான், மறுபடி மூணு பட்டை தைச்சுப் பாருங்க.

ஸ்டார்ல தையலைக் கலர்ப் பக்கம் சாய்ச்சுடுங்க, அப்போ வெள்ளைக்கு அடியில நிழல் தெரியாது. வரிசை சேர்க்கும்போது முதல் வரிசை தையல் ஒரு பக்கம், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், மூலை நகராது. இஸ்திரியைத் தேய்க்காதீங்க, அமுக்கி எடுங்க. தேய்ச்சா முக்கோணத்தோட சாய்வுப் பக்கம் இழுபட்டு அளவு போயிடும்.

பைண்டிங்: மக் ரக் சுத்தளவு 30 அங்குலம், மூலை திரும்பவும் முனை சேர்க்கவும் இன்னொரு 10. ஆக 40. இரண்டேகால் அங்குல அகலத்துல ரெண்டு மூணு கிராஸ் பட்டை சேர்த்தா வந்துடும். சேர்க்கிற இடம் மூலையில வராமப் பார்த்துக்கோங்க, கனத்துடும். பின்பக்கம் கையால ஹெம் பண்ணுங்க, சின்ன வேலைதானே.

பின்னால ஒரு வெள்ளைத் துணி லேபிள் வெச்சு, மதுரை கைமுடிச்சுச் சுங்குடி, குளிர்ந்த தண்ணியில தனியா துவைக்கவும்னு அழியாத இங்க்ல இங்கிலீஷ்ல எழுதிடுங்க. கூட நல்ல டீத்தூள் பாக்கெட் ஒண்ணு. பூனைக்குன்னு மிச்சத் துண்டுல எதுவும் தைக்க ஆரம்பிக்காதீங்க, டிசம்பர் வந்துடும்.