மூன்று வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் பற்றி ஒரு சந்தேகம்

விசுவமடு ஆசிரியை:

வணக்கம். என் தங்கைக்காக இதை எழுதுகின்றேன். 2018ஆம் ஆண்டு கிளிநொச்சியில் அவருடைய விவாகப் பதிவு நடந்தது. மாப்பிள்ளையும் எங்கள் பக்கத்தவர்தான். அந்த நேரத்தில் அவர் அமெரிக்காவில் நிரந்தர வதிவிட உரிமையோடு இருந்தாரே தவிர, குடியுரிமை பெற்றிருக்கவில்லை. தங்கை 2023 மார்ச் 12 அன்று குடிவரவு விசாவில் நியூஜேர்சி போய்ச் சேர்ந்தார். பத்து வருட கிறீன் கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) கிடைத்தது. அதே வருடம் ஓகஸ்ட் 18 அன்று கணவர் சத்தியப்பிரமாணம் செய்து அமெரிக்கக் குடிமகனானார்.

2024 ஜனவரியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போனது. நான் பாடசாலையை விட்டுவிட முடியாத நிலையில் இருந்ததால் தங்கை ஜனவரி 10 அன்று புறப்பட்டு வந்து, அம்மா தடி ஊன்றி நடக்கும்வரை கூடவே இருந்துவிட்டு ஜூலை 24 அன்றுதான் திரும்பினார். அவர் இப்போது குடியுரிமைக்கு அவசரப்படுவதும் அம்மாவுக்காகத்தான். அடுத்த முறை அம்மா படுத்தால், எத்தனை மாதம் தங்கினாலும் கார்ட் பறிபோய்விடும் என்ற பயமில்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார்.

இங்கே விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒரு நிலையத்தில் கேட்டேன். குடிமகனை மணந்தவருக்கு மூன்று வருடம் போதும், அதிலும் 90 நாள் முன்னதாகவே போடலாம், ஆகவே 2025 டிசம்பர் 12இலிருந்தே தகுதி வந்துவிட்டது, உடனே போடுங்கள் என்றார்கள். இணையவழியில் கட்டணம் 710 டொலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது என்பதால், கட்டுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்: இந்தக் கணக்குச் சரியா?

முள்ளியவளையான், நியூஜேர்சி:

அக்கா, தயவுசெய்து இப்போது போட வேண்டாம். மூன்று வருட வழியில் ஒன்றல்ல, மூன்று கணக்குகள் உள்ளன. தங்கை நிரந்தர வதிவாளராக மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடம் முழுவதும் கணவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். நிலையத்தில் உங்களுக்கு முதலாவதை மட்டும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் குடிமகனானது 2023 ஓகஸ்ட் 18 என்றால் மூன்றாவது கணக்கு 2026 ஓகஸ்ட் 18இல்தான் நிறைகிறது. அதிலிருந்து 90 நாள் பின்னோக்கிப் போனால் மே 20. அன்று போடலாம் என்பது என் எண்ணம்.

பரந்தன் பிள்ளை, ரெக்சாஸ்:

முள்ளியவளை அண்ணா சொன்னதில் முதற்பகுதி முழுவதும் சரி. மே 20 என்பதில் மட்டும் நான் உடன்படவில்லை. 90 நாள் சலுகை தொடர்ச்சியான வதிவிடக் கணக்குக்கு, அதாவது அண்ணா சொன்ன முதலாவது கணக்குக்கு, உரியது. கணவர் குடிமகனாக இருக்க வேண்டிய மூன்று வருடத்துக்கும், சேர்ந்து வாழ வேண்டிய மூன்று வருடத்துக்கும் அதை நீட்டிக் கொள்வது ஆபத்து. அவை விண்ணப்பிக்கும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். என் சொந்த விண்ணப்பத்தையும் கணவரின் மூன்று வருடம் நிறைந்து ஒரு கிழமை கழித்துத்தான் போட்டேன். ஆகவே அக்கா, ஓகஸ்ட் 18 கடந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திகதியை விட எனக்குக் கவலை தருவது அந்த 2024 பயணம். ஜனவரி 10 முதல் ஜூலை 24 வரை 196 நாட்கள் வருகின்றன. ஆறு மாதத்துக்கு மேல் ஒரே முறையாக வெளியே இருந்தால், தொடர்ச்சியான வதிவிடம் அறுந்துவிட்டது என்ற அனுமானத்தோடுதான் அதிகாரி கோப்பைத் திறப்பார். ஒரு வருடத்தைத் தாண்டினால் அது நிச்சயமாக அறுந்துவிடும். தங்கையின் விடயத்தில் அது அனுமானம் மட்டுமே. சான்றுகளால் அதை மறுக்கலாம். அவர்கள் பார்ப்பது, அந்த மாதங்களில் குடும்பம் அமெரிக்காவிலேயே இருந்ததா, வீடு கைவிடப்படாமல் இருந்ததா, அங்குள்ள வேலையை அவர் விட்டுவிட்டாரா, இலங்கையில் வேலை ஏதும் எடுத்தாரா என்பவற்றை. கணவரின் சம்பளச் சீட்டுகள், இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த 2023, 2024 வரிப் பத்திரங்கள், கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் வைத்தியசாலைக் குறிப்புகள் பயணத்தின் காரணத்தைக் காட்டும். ஆனால் அவை மட்டும் போதா. பலர் நோயின் கடிதத்தை மட்டும் கொண்டுபோய் நிற்கிறார்கள். கேட்கப்படுவது ஏன் போனீர்கள் என்பதோடு நிற்பதில்லை, உங்கள் வாழ்க்கை எங்கே நிலைத்திருந்தது என்பதும் கேட்கப்படும். அந்த ஆறரை மாதமும் கணவரும் மனைவியும் பிரிந்திருந்தது மனக்கசப்பினால் அல்ல என்பதற்கும் இதே பத்திரங்கள் உதவும்.

உடலளவில் அங்கே இருந்த நாட்கள் மூன்று வருடத்தில் 18 மாதம் இருந்தால் போதும். அது தங்கைக்குத் தாராளமாக இருக்கிறது.

சான்றுகள் பலவீனமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. 2027 ஜூலை 24 கடந்து விண்ணப்பித்தால், பின்னோக்கி எண்ணும் மூன்று வருடத்துக்குள் அந்தப் பயணமே வராது. ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், ஆனால் மனம் அமைதியாக இருக்கும்.

விசுவமடு ஆசிரியை:

முள்ளியவளைத் தம்பிக்கும் பரந்தன் தங்கைக்கும் மிகுந்த நன்றி. கணவர் ஒரு நாளும் வேலையை விடவில்லை. அதே வீட்டில்தான் இருந்தார். என் தங்கையும் இங்கே அம்மாவைப் பார்த்தாரே தவிர எந்த வேலைக்கும் போகவில்லை. அங்கே ஒரு கடையில் சம்பளத்துக்கு இருந்தவர், முதலாளியிடம் விடுமுறை என்றுதான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கடிதத்தின் பிரதி இருக்கிறதா என்று கேட்கிறேன். பத்து வருட கார்ட் என்பதால் வேறு ஏதும் செய்ய வேண்டுமா?

பரந்தன் பிள்ளை, ரெக்சாஸ்:

இல்லை அக்கா. நாட்டுக்குள் வரும் நாளில் கலியாணம் முடித்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்குத்தான் இரண்டு வருட நிபந்தனைக் கார்ட் வரும். அந்த நிபந்தனையை நீக்கும்படி அவர்கள் தனியே கேட்க வேண்டும். உங்கள் தங்கைக்கு அது இல்லை. குடியுரிமைப் பரீட்சைக்கு மட்டும் இப்போதிருந்தே படிக்கட்டும். 2025 ஒக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20 கேட்கிறார்கள், 12க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். முன்பு 100இல் 10 கேட்டு 6 போதுமாக இருந்தது. பழைய கையேட்டை யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். சத்தியப்பிரமாணம் முடியும்வரை ஆறு மாதத்தை நெருங்கும் பயணம் இன்னொன்று வேண்டவே வேண்டாம். அம்மாவைப் பார்க்க வருவதென்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று வந்து போகட்டும்.

ஓய்வுபெற்ற இலிகிதர், முல்லைத்தீவு:

மகள், அமெரிக்கப் பக்கத்தை மற்றவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒன்று விடுபட்டுள்ளது. தங்கை அங்கே சத்தியப்பிரமாணம் செய்தால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி அவருடைய இலங்கைப் பிரசாவுரிமை இல்லாமல் போகும். அதன் பிறகு அம்மாவிடம் வருவதற்கு அவருக்கு விசா வேண்டும். மாதக்கணக்கில் அம்மாவோடு இருப்பதற்காகவே இந்தக் குடியுரிமையை எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்; அப்படியானால் இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காவிட்டால் அந்த நோக்கம் பாதிதான் நிறைவேறும். அங்கே சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன் விண்ணப்பித்து இலங்கைப் பிரசாவுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம், இழந்த பின் மீளப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. முன்கூட்டியே தொடங்குவது நல்லது என்பதே என் அனுபவம்.

காணியையும் யோசியுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அம்மாவின் காணி உறுதிக் காணியா, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று நீங்கள் எழுதவில்லை. அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. பின்னுரித்தாளராக, அதாவது காணி அடுத்து யாருக்குச் சேரும் என்று, யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதைக் காணிக் கிளையில் போய்ப் பாருங்கள்.

விசுவமடு ஆசிரியை:

ஐயா, அனுமதிப்பத்திரக் காணிதான். அப்பா இருந்த காலத்தில் யாருடைய பெயரைக் கொடுத்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. புதன்கிழமை பாடசாலையில் அரைநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிறேன்.

நேற்றிரவு தங்கையோடு கதைத்தேன். டிசம்பர் கணக்கை விட்டுவிட்டோம். கணவரின் சத்தியப்பிரமாணச் சான்றிதழை எடுத்துப் பார்த்து ஓகஸ்ட் 18 என்ற திகதியை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். 2024இன் பத்திரங்கள் எல்லாம் கைக்கு வந்தால் 2026 ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் விண்ணப்பிப்பது, முக்கியமான ஏதாவது கிடைக்காமல் போனால் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு 2027 ஜூலை வரை பொறுப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். விடுமுறைக் கடிதத்தின் பிரதியைத் தேடித் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். வந்ததும் இங்கே அறியத் தருகிறேன்.