குளிர்காலத்தில் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். தண்ணீர் பைப் உறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பிராம்ப்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவின் பிராம்ப்டனில், எழுபதுகளில் கட்டப்பட்ட இரண்டு மாடித் தனி வீட்டில் குடியிருக்கிறோம். சமையலறைத் தொட்டி வடக்குப் பார்த்த வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறது. சென்ற ஜனவரியில் கடுங்குளிர் அடித்த ஓர் இரவுக்குப் பிறகு, அந்தத் தொட்டியின் வெந்நீர்க் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. பச்சைத் தண்ணீர் மட்டும் நூல்போல இறங்கியது. மதியத்துக்குள் அது தானாகவே சரியாகிவிட்டது, எங்கும் ஒழுகவும் இல்லை.

இந்த முறை பொங்கலுக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் போய் ஒரு மாதம் தங்க இருக்கிறோம். வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பத்து டிகிரியில் வைத்துவிட்டு, சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டுப் போனால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அது போதுமா? வெந்நீர் பைப் ஏன் முதலில் உறைந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெளிச்சுவர் எழுதியது:

வெந்நீர் பைப் என்பது வெந்நீர் ஓடும்போது மட்டுமே வெந்நீர் பைப். இரவு முழுவதும் யாரும் திறக்காவிட்டால் அதில் நிற்கும் தண்ணீரும் சுவரின் குளிருக்கு இறங்கிவிடும். இரண்டில் எது சுவரின் வெளிப்பக்கத்துக்கு நெருக்கமாகப் போகிறதோ, எதன்மேல் காற்று படுகிறதோ, அதுவே முதலில் உறையும். உங்கள் வீட்டில் அது வெந்நீர் பைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பைப் வெடிப்பதன் காரணத்தைப் பலரும் பாதிதான் சொல்கிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது என்பது உண்மை. ஆனால் பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே பைப் கிழிவதைவிட, பனிக்கட்டிக்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, வேறோர் இடத்தில் கிழிவதே அதிகம். குழாயைச் சொட்டவிடச் சொல்வதன் பயனும் இதில்தான் இருக்கிறது: பைப் உறைந்தாலும் அந்த அழுத்தம் வெளியேற ஒரு வழி இருக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுகளுக்கு அது நல்ல வழி. வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் சொட்டவிடுங்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். இரவில் சூட்டைக் குறைக்காமல் பகலில் இருக்கும் அளவிலேயே விடுங்கள்.

ஊருக்குப் போகும் முன் ஒரு நாள் அந்த அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். பழைய வீடுகளில் பைப் சுவருக்குள் நுழையும் ஓட்டை, பைப்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். காற்றடிக்கும் நாளில் அங்கே கையை வைத்தால் குளிர் கத்திபோல வரும். அந்த ஓட்டையையும், பேஸ்மென்டில் அடித்தளச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் விளிம்பையும் ஸ்ப்ரே ஃபோம் (பீய்ச்சினால் பருத்து இறுகும் நுரை) கொண்டு அடைப்பதே பாதி வேலை. சுவரைத் திறந்து இன்சுலேஷன் (சூடு கடக்காமல் தடுக்கும் பஞ்சு) வைப்பதானால், பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் வையுங்கள். பைப்புக்கும் அறைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தால், வீட்டுச் சூடு பைப்பை எட்டாமல் தடுத்து நாமே அதை உறைய வைத்தது போலாகும். இந்தக் கோளாறைப் புதுப்பித்த சமையலறைகளில் அடிக்கடி பார்க்கலாம். பைப்பின்மேல் மாட்டக் கடையில் விற்கும் ஃபோம் உறைகூடச் சூடு போவதைத் தாமதப்படுத்துமே தவிர, தானாகச் சூட்டை உண்டாக்காது.

ஸ்காபரோ பிளம்பர் எழுதியது:

சகோதரி, ஆளில்லாத வீட்டில் குழாயைச் சொட்டவிட்டுப் போக வேண்டாம். சாக்கடை பைப்பும் அதே வெளிச்சுவர் வழியாக இறங்கினால், சொட்டுகிற தண்ணீர் அங்கே மெல்ல மெல்ல உறைந்து அடைத்துவிடும். அதன் பிறகு தொட்டி நிரம்பித் தரைக்கு வரும். பத்து டிகிரியும் போதாது. தெர்மோஸ்டாட் இருப்பது வீட்டின் நடுவில்; அது பத்து காட்டும்போது உங்கள் அலமாரியின் பின்பக்கம் பூச்சியத்துக்குக் கீழே இருக்கலாம். 13 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது பொது விதி. உங்கள் வீட்டுக்கு நான் 15 என்பேன்.

ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனால் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரம் போனபோது எத்தனையோ வீடுகளில் பைப் வெடித்ததை அறிந்திருப்பீர்கள். இங்கே மின்சாரம் இருந்தும், சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸின் பிளாஸ்டிக் புகைக்குழல் பனிக்குவியலில் மூடிக்கொண்டால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும்.

எனவே மெயின் வால்வை மூடித் தண்ணீரை வடித்துவிட்டுப் போவதே நான் சொல்லும் வழி. வால்வு பெரும்பாலும் பேஸ்மென்டில், வீதிப் பக்கச் சுவரில், மீட்டருக்கு அருகில் இருக்கும். அதை மூடிய பிறகு மேல்மாடியிலிருந்து கீழ்வரை எல்லாக் குழாய்களையும் திறந்து, பேஸ்மென்டில் ஆகத் தாழ்வாக உள்ள குழாய் வழியாக வடியவிடுங்கள். கழிப்பறைத் தொட்டிகளை ஃப்ளஷ் செய்து காலியாக்குங்கள். ஃபர்னஸில் ஈரப்பதக் கருவி இருந்தால் அதற்கு வரும் சிறு பைப்பையும், குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் பைப்பையும் மறந்துவிடாதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரில் விடுமுறை நிலை இருந்தால் அதில் வையுங்கள். தோட்டத்துக் குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். உறையாத வகைக் குழாய் என்று வாங்கியதுகூட ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளே தண்ணீரைத் தேக்கி வெடிக்கும்.

தண்ணீரை வடித்தாலும் சூட்டை நிறுத்த வேண்டாம். சுவரும் தரையும் கெடாமல் இருக்கவும், வளைவுகளில் மிஞ்சிய தண்ணீர் உறையாமல் இருக்கவும் அது வேண்டும்.

காப்புறுதி எழுதியது:

மற்றவர்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இங்குள்ள பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில், குளிர்காலத்தில் தொடர்ந்து சில நாள்களுக்கு மேல் வீட்டில் யாரும் இல்லாவிட்டால், பைப் உறைந்து ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது என்ற விதி இருக்கும். பல பத்திரங்களில் அந்த வரம்பு நான்கு நாள்கள்தான். நீங்கள் தண்ணீரை நிறுத்தி வடித்திருக்க வேண்டும், அல்லது ஒருவர் நாள்தோறும் உள்ளே வந்து சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் இந்த விதிக்குப் போதமாட்டார். உங்கள் பத்திரத்தின் சொற்களைத் தரகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிராம்ப்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மெயின் வால்வைத் தேடிப் பார்த்தேன். அது சிறிய சக்கரம் போன்ற கைப்பிடி கொண்ட பழைய வால்வு. திருகினால் அசைய மறுக்கிறது. பலமாகத் திருகலாமா? போவதற்கு முன்பே அந்தச் சமையலறை பைப் மறுபடியும் உறைந்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

ஸ்காபரோ பிளம்பர் எழுதியது:

பலமாகத் திருகாதீர்கள். உங்களுடையது கேட் வால்வு என்ற வகை. ஆண்டுக்கணக்கில் தொடாத கேட் வால்வின் தண்டு கையோடு முறிந்து வரும், அல்லது மூடிய பிறகும் தண்ணீரை முழுதாக நிறுத்தாது. பயணத்துக்கு முன் ஒரு பிளம்பரை அழைத்து, கால் சுற்றில் மூடும் பால் வால்வாக (ball valve) மாற்றிவிடுங்கள். அதற்கு வீதியில் இருக்கும் வால்வை மூட வேண்டியிருக்கும் என்பதால், கடைசி வாரம்வரை தள்ளிப் போட வேண்டாம்.

மறுபடி உறைந்தால், முதலில் அந்தக் குழாயைத் திறந்து வையுங்கள். பிறகு ஹேர் டிரையர், அல்லது வெந்நீரில் பிழிந்த துணி கொண்டு, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி மெல்லச் சூடாக்குங்கள். அப்போதுதான் உருகும் தண்ணீர் வெளியே வர வழி இருக்கும். கேஸ் டார்ச்சின் நெருப்போ வேறு திறந்த சுவாலையோ கூடவே கூடாது. சுவருக்குள் இருக்கும் காய்ந்த மரம் பற்றிக்கொண்டால் உங்களுக்குத் தெரியவே சிறிது நேரமாகும். வீடு முழுவதும் தண்ணீர் இல்லையென்றால் கோளாறு வீதியிலிருந்து வரும் பைப்பில் இருக்கலாம். அப்போது நகராட்சியை அழைக்க வேண்டும்.

சூடாக்கும் வேளையில் ஒருவர் பேஸ்மென்டில் நிற்க வேண்டும். பனிக்கட்டி அடைப்பாக நிற்கும்வரை கிழிந்த பைப் ஒழுகாது, உருகிய பிறகே தெரியும். செம்புப் பைப் நீளவாக்கில், மீனின் வாய் திறந்ததுபோலப் பிளந்திருக்கும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் உடனே மெயின் வால்வை மூடுங்கள். மின்விளக்கு அல்லது ஸ்விட்ச் அருகே தண்ணீர் வந்திருந்தால் அதைத் தொடாமல், ஈரமில்லாத இடத்தில் நின்று மின்சாரத்தை நிறுத்த முடிந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

ஊரிலிருந்து திரும்பியதும் வால்வை ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். மேல்மாடிக் குழாய் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வைச் சிறிது சிறிதாகத் திருப்பினால், உள்ளே அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறும். அது அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகு, ஹீட்டர் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து உறுதி செய்துகொண்டு, அதன் பின்னரே ஹீட்டரைப் பழைய சூட்டுக்கு ஏற்றுங்கள்.