‘பண்பாட்டு அறிவுச்சொத்து’க்கு மாற்றாகக் ‘குடிமுதுசொம்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தொல்குடி மக்களின் ஆடல், பாடல், சடங்கு ஆகியவற்றின் மீது அவர்களுக்குள்ள உரிமையை ஆஸ்திரேலியாவில் ‘இண்டிஜினஸ் கல்ச்சுரல் அண்ட் இன்டலெக்சுவல் பிராப்பர்ட்டி’ என்கிறார்கள். அதற்குப் ‘பண்பாட்டு அறிவுச்சொத்து’ என்ற தமிழாக்கத்தை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மடலில் தந்திருந்தார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு வெளியிட்ட ‘ரிவைவ்’ பண்பாட்டுக் கொள்கை, முதற்குடிகளைத் தன் ஐந்து தூண்களுள் முதலாவதாக வைத்து, அவர்களுடைய அறிவையும் பண்பாட்டு வெளிப்பாடுகளையும் காக்கத் தனிச்சட்டம் இயற்றுவதாக உறுதியளித்திருப்பதால், இச்சொல் இனி அடிக்கடி தேவைப்படும். ஐயாவின் ஆக்கம் மூலத்துக்கு நேரானதுதான். ஆனால் மூலத்திலுள்ள குறையையும் அது அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்பதே என் தயக்கம்.

‘அறிவுச்சொத்து’ என்றவுடன் நம் மனத்தில் பதிப்புரிமையும் காப்புரிமையும் வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் கால வரம்பு உண்டு. இரண்டையும் விற்கலாம், வாங்கலாம். நியூசிலாந்தின் ரக்பி அணியினர் ஆடும் ‘கா மாத்தே’ என்னும் ஹாக்காவை, அதாவது மாவோரி மக்களின் ஆடல்பாட்டை, இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அதை ஏறத்தாழ 1820இல் இயற்றிய மாவோரித் தலைவர் தே ரௌபராஹா 1849இல் மறைந்தார். பதிப்புரிமைக் கணக்கில் அது எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டது. அவருடைய குடியான நாட்டி தோவா மக்களுக்கோ அது ஒருநாளும் பொதுவுடைமை ஆனதில்லை. ஆகவேதான் 2014இல் அந்த ஒரு ஹாக்காவுக்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அச்சட்டமும் வணிக வெளியீட்டிலும் திரைப்படத்திலும் இயற்றியவர் பெயரையும் அவர் குடியையும் குறிப்பிடச் சொல்கிறதே தவிர, பணம் கேட்கும் உரிமையை அவர்களுக்குத் தரவில்லை. மேடையில் ஆடுவோருக்கு அந்தக் கடமையும் இல்லை.

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள குவாக்குவாக்கவாக் மக்களின் வழக்கம் இதைவிடத் தெளிவாக நமக்கு வழிகாட்டும். அவர்களிடம் ஒவ்வோர் ஆடலும், அதற்குரிய முகமூடியும் பாட்டும், இன்ன குடும்பத்துக்கு உரியது என்ற வரையறை உண்டு. அவை பிறப்புவழி வரும். திருமணத்தின்போது பெண்வீட்டாரிடமிருந்து மருமகனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் செல்வதும் உண்டு. பாட்லாட்ச் என்னும் பெருவிருந்தைக் கூட்டி, விருந்தினர் முன்னிலையில் அந்த ஆடலை ஆடிக்காட்டுவதன் மூலமே குடும்பம் தன் உரிமையை நிறுவுகிறது. வந்தவர்கள் சாட்சிகள், சாட்சியாக இருந்ததற்காக அவர்களுக்குப் பொருள் கொடுத்து அனுப்புகிறார்கள். நமக்குக் காணி உறுதி (நிலப்பத்திரம்) எப்படியோ, அவர்களுக்கு அந்த ஆடல் அப்படி. பார்க்க வந்தவர் பணம் தருவதற்கு மாறாக, ஆடுகிற வீட்டார் பார்த்தவருக்குத் தருகிறார்கள். நுழைவுச்சீட்டு வருவாயையும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையையும் கொண்டு கலைக்கு மதிப்பிடும் கொள்கை அறிக்கைகளின் அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

1885இல் கனடா அரசு பாட்லாட்சைத் தடைசெய்தது. தடை 1951இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. 1921 டிசம்பரில் வில்லேஜ் ஐலண்ட் என்னும் தீவில் அம்மக்களுள் ஒருவரான டான் கிரான்மர் நடத்திய பாட்லாட்சை அடுத்துப் பலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. உரை நிகழ்த்தியது, ஆடியது, பரிசுப்பொருளை எடுத்துக் கொடுத்தது என்பனவே குற்றச்சாட்டுகள். சிறைக்குப் போகாதிருக்க வேண்டுமானால் முகமூடிகளையும் ஆடற்பொருள்களையும் ஒப்படைக்க வேண்டும் என்றனர். சிலர் சிறை சென்றனர். ஒப்படைத்தவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. நெடுங்காலம் கேட்டுப் பெற்ற பின், அவற்றுள் ஒரு பகுதிக்கென 1980இல் அம்மக்களின் ஊரான அலர்ட் பேயில் ஊமிஸ்டா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. பகைவர் சிறைபிடித்துச் சென்ற உறவினர் ஊர் திரும்பினால், அந்த மீட்சிக்கு ஊமிஸ்டா என்று பெயர். திரும்பிவந்த முகமூடிகளை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பூட்டிக்கிடந்த காலம் போதும் என்று, ஆடலில் வரும் வரிசையை ஒட்டித் திறந்தே வைத்திருக்கிறார்கள். பொருள்களை உறவினராகக் கருதும் இவ்வழக்கத்தைச் ‘சொத்து’ என்ற சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கு மாற்றை நம் மரபிலேயே தேடலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டத்தில் உடைமை ஒரே வகையாக இல்லை. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று அது வந்த வழியை வைத்துப் பிரித்தார்கள். முன்னோர் வழி வந்தது முதுசொம். அதை விற்க நினைப்பவர் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அச்சட்டத்தில் உண்டு. அதாவது, கையில் வைத்திருப்பவர் தன்னந்தனியாக முடிவெடுக்க முடியாத உடைமை. நமக்கு வேண்டிய கருத்தின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. ‘சொம்’ என்பதற்கும் உடைமை என்றே பொருள் என்பதையும், முதுசொம்மும் முடிவில் விற்கத்தக்கதே என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் ‘குடி’யை முன்னே சேர்த்துக் ‘குடிமுதுசொம்’ என்கிறேன்: ஒரு குடிக்கு முன்னோர் வழி வந்தது, குடியின் இசைவின்றிக் கைமாறாதது.

‘முதுசொம்’ ஈழத்து வட்டாரச் சொல், தமிழகத்தில் விளங்காது என்று நம் குழுவில் அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார்கள். கலைச்சொல் முதல் வாசிப்பிலேயே விளங்க வேண்டும் என்பதில்லை. விளக்கிய பின் நினைவில் நிற்க வேண்டும். ‘முதுமை’யும் ‘குடி’யும் எல்லோருக்கும் தெரிந்தவையே. ‘மரபுரிமை’ போதாதா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன்: அச்சொல் கட்டடம் முதல் காடு வரை உலகப் பொதுவானவற்றுக்கு வழங்கிவருகிறது, இங்கே வேண்டியது இன்னாருக்கு உரியது என்ற வரையறை.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன். “இவ்வாடல் அக்குடும்பத்தின் குடிமுதுசொம், அவர்கள் இசைவின்றி மேடையேற்றலாகாது.” “குடிமுதுசொம் காப்பாளரைக் கலந்த பின்னரே நிதி வழங்கப்படும்.” இரண்டும் இடறாமல் வருகின்றன. வேற்றுமை ஏற்கும்போது ‘குடிமுதுசொத்தை’ என்று எழுதினால் மீண்டும் ‘சொத்து’ தலைகாட்டிவிடும் என்பதால், ‘குடிமுதுசொம்மை’, ‘குடிமுதுசொம்முக்கு’ என்ற வடிவங்களையே கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். இதில் இலக்கணம் அறிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.