எலிக் காதில் கொத்துக் கொத்தாய் சிற்றுண்ணி: இனம் பிரிக்க யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. செங்கல்பட்டு பக்கம் வயலோரப் புதர்களில் காட்டு எலிகளின் மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கணக்கெடுக்கிறேன். முதுகலை ஆய்வு, நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாச்சு. பொறிக்குக் கருவாடும் தேங்காய்ச் சில்லும். வெள்ளெலிதான் அதிகம் விழுது. நடுநடுவே மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, ஆனா கருவாட்டு வாசனைக்கு முதல் ஆளா வந்து நிக்குது!

தெள்ளுப்பூச்சியில் சிக்கல் இல்லை. எலிக்கு ஒரு வெள்ளைத் துணிப்பை, மயக்கம் கொடுத்து வெள்ளைத் தட்டின் மேல் பேன்சீப்பால் வாரினால் உதிர்ந்துவிடும். பையையும் உதறிப் பார்த்துடுவேன்.

தொல்லை காதுமடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் அப்பியிருக்கும் சிற்றுண்ணிகளால்தான். ஆறு கால், அதனால் இளம்பருவம் என்று தெரியுது. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ் என்ற சிற்றுண்ணி இனம் இதில் இருக்கான்னு பார்க்கணும். முதுகுத் தகட்டின் வடிவத்தையும் அதிலுள்ள மயிர்களையும் வைத்துத்தானே பிரிக்கணும்? 70% எத்தனாலில் வைத்திருந்து ஹோயர் கரைசலில் (மாதிரியைக் கண்ணாடியில் பதிக்கும் திரவம்) ஸ்லைடு போடுறேன். பாதிக்கு மேல் குமிழி, மீதி கலங்கல்.

குமிழி வராமல் போட என்ன வழி? கலங்கல் தெளிய முதலில் லாக்டிக் அமிலத்தில் ஊறவைக்கணுமா, எவ்வளவு நேரம்? தென்னிந்திய இனங்களுக்கான அடையாளத் திறவுகோல் (உடலமைப்பை வைத்துப் படிப்படியா இனம் கண்டுபிடிக்கும் பட்டியல்) யாரிடமாவது இருக்கா? ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியை (நிறமில்லாத மாதிரியையும் தெளிவாகக் காட்டுவது) ஒருநாள் பயன்படுத்தத் தருபவர்கள் இருந்தால் சென்னை, வேலூர் எங்கேயும் வர்றேன்.

படங்களைக் கமெண்டில் போடுறேன். சுமாராத்தான் இருக்கும், திட்டாதீங்க.