சுவிஸில் மீட்பு ஹெலிகொப்டர் வேலை: கேட்ட தம்பிக்கு

தம்பி, ஊரில் தாதிய உத்தியோகத்தராக இருந்த நீங்கள் ரேகா (Rega) என்கிற சுவிஸ் வான்மீட்பு அமைப்பின் சிவப்பு ஹெலிகொப்டரில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஹெலிகொப்டரில் இல்லை, தரையில் ஓடும் அம்புலன்ஸில் இருக்கிறேன். ஆனால் அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிற ஆள் என்பதால் சொல்கிறேன்.

முதலில், கம்பியில் தொங்கி இறங்கப்போவது நீங்கள் இல்லை. அது பெரும்பாலும் வைத்தியர். பாறை மோசமென்றால் மலையேறிகளின் சங்கமான சுவிஸ் அல்பைன் கிளப்பின் மீட்பாளரும் கூட வருவார். ரெட்டுங்ஸ்சானிட்டேற்றர் (அம்புலன்ஸ் மீட்பு மருத்துவப் பணியாளர்), அதாவது நீங்கள், கதவோரம் நின்று வின்சை, ஆளைக் கம்பியில் இறக்கி ஏற்றும் பொறியை, இயக்க வேண்டும். 90 மீற்றர் கம்பி. நேர் கீழே நடப்பது விமானிக்குத் தெரியாது. 'வலது இரண்டு மீற்றர், ஒன்று, நில்' என்று நீங்கள் சொல்லச் சொல்லத்தான் அவர் நகர்த்துவார். போகும்போதும் விமானிக்குப் பக்கத்து இருக்கைதான்: வரைபடம், ரேடியோ, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கட்டியிருக்கும் சாமான் ஏற்றும் கம்பிகளைக் கண்டு சொல்வது. இறங்கிய பிறகுதான் நோயாளி.

ஆகவே வேலையில் பாதி, பேச்சு. டொச் (ஜெர்மன்) மொழியில் பி2 நிலை முடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். என் முதல் குளிர்காலத்தில் எம்மென்டாலில் ஒரு வயதான விவசாயி 'ரன்ட்ஸ' வலிக்கிறது என்றார். வகுப்பில் ரன்ட்சன் என்றால் புத்தகப் பை. நான் மனிதருக்குத் தலையில் அடிபட்டுக் குழம்பிவிட்டது என்று எண்ணி, கண்ணுக்குள் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வயிறு. அம்புலன்ஸில் என்னோடு வந்த சக ஊழியர் சிரிக்காமல் திருத்தினார், இன்றுவரை நன்றி. அப்புறம்தான் இங்கே நான் இருக்கும் இடத்துத் தீயணைப்புப் படையில் சேர்ந்தேன். வகுப்பு சொல்லித்தராத சுவிஸ் டொச்சை அங்கே பிடித்தேன்.

படிப்பு விஷயம் சுருக்கம். ரெட்டுங்ஸ்சானிட்டேற்றர் எச்.எப். (உயர் தொழிற்கல்லூரி டிப்ளோமா) 3 வருடம். தாதிய டிப்ளோமாவை சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் அங்கீகரித்தால், 2 வருடக் குறுகிய படிப்புக்கு முயலலாம். அந்த அங்கீகாரத்துக்கே பி2 கேட்பார்கள், அங்கீகாரம் கேட்டு சங்கத்துக்குக் கடிதத்தை இப்போதே எழுதிப் போடுங்கள். படித்து முடித்தாலும் உடனே ஹெலிகொப்டர் கிடையாது. சில வருடம் எங்களோடு இரவில் ரோட்டில் ஓட வேண்டும். வலே மாநிலத்தில் ஏர் செர்மாட், ஏர் கிளேசியர்ஸ் என்று வேறு இரண்டு கம்பனிகளும் உண்டு, ரேகா ஒன்றையே பார்த்திருக்க வேண்டாம். (மலைக்குப் போகிறவர் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: மீட்புக்கு அழைக்கும் எண் ரேகாவுக்கு 1414, வலேயில் 144.)

கடைசியாக, பலர் கோட்டை விடுகிற இடம் சாரதி அனுமதிப்பத்திரம். வந்து 12 மாதத்துக்குள் ஊர் அனுமதிப்பத்திரத்தை மாற்ற வேண்டும். நம் ஊர் அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டுப்பாட்டு ஓட்டம், அதாவது பரிசோதகரோடு ஓட்டிக்காட்டும் சோதனை, ஒன்று உண்டு. அதில் தவறினால் மறுமுறை கிடையாது, பழகுநராக முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்புலன்ஸுகள் பல 3.5 தொன்னைத் தாண்டும், அதற்கு சி1 வகை அனுமதிப்பத்திரம் வேறாக எடுக்க வேண்டும். நீங்கள் வந்து ஏழு மாதம் என்கிறீர்கள். சரி, இந்தக் கிழமையே வாகனம் ஓட்ட இரண்டு பாடம் எடுத்துவிட்டு ஓட்டத்துக்குத் திகதி கேளுங்கள்.