மேற்குப் பார்த்த பால்கனி: மாலையில் பத்து நிமிடம் உட்கார என்ன வைக்கலாம்?

மூணாம்மாடி:
வேளச்சேரி, மூன்றாவது மாடி. பால்கனி 4 அடிக்கு 8 அடி. மதியம் ஒரு மணிக்கு விழும் வெயில் பொழுது சாயும்வரை போகாது. போர் தண்ணீர்தான், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது. வைத்த இட்லிப்பூச் செடி மஞ்சளடித்துப் போய்விட்டது. கீழ்வீட்டுத் துணியில் சொட்டக் கூடாதென்று அசோசியேஷன் கண்டிப்பு. பெரிய தோட்டமெல்லாம் வேண்டாம். டீயோடு உட்கார்ந்தால் மனசு கொஞ்சம் லேசாக வேண்டும், பறவைக்குத் தண்ணீர் வைக்கவும் ஆசை. எதில் தொடங்கலாம்?

மண்வெட்டி:
இட்லிப்பூ போனதற்கு வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள், தண்ணீர்தான் காரணம். அமிலத்தன்மையுள்ள மண்ணைக் கேட்கும் செடி அது. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் காரமாகிவிடும். இரும்புச்சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றதா? அதுதான். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பில்லை, அதைப் பிடித்து ஊற்றலாம். ஆர்ஓ மெஷினின் கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

இரண்டே தொட்டி போதும்: ஒரு குண்டுமல்லி, ஒரு கறிவேப்பிலை. 12 அங்குல மண்தொட்டி வாங்குங்கள். கறுப்பு பிளாஸ்டிக் என்றால் மேற்கு வெயிலில் வேர் வெந்துவிடும். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, தென்னை நார்க்கழிவு 1. நார்க்கழிவிலும் உப்பு உண்டு, இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள். ஈரத்தோடு ஒரு தொட்டி 20 கிலோ வரும், அதனால் கம்பியோரம் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர். அடித்தட்டில் விளிம்புவரை மணல் நிரப்பிவிட்டால் சொட்டவும் செய்யாது, கொசுவும் சேராது.

மல்லியை நவம்பர் கடைசியில் ஒன்றரை அடிக்குக் கவாத்து செய்யுங்கள். பூ புதுத் தளிரில்தான் வரும். கத்தரிக்க மனசு வராதவர்கள் வீட்டுச் செடி வெறும் கொடியாக நீளும். மார்ச் வாக்கில் மொட்டு வைக்கும். மதியம் பச்சை ஓடிய மொட்டு சாயங்காலத்துக்குள் வெளுத்து உப்பி, பொழுது இறங்கியதும் வாய் திறக்கும். உங்கள் டீ நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

தவிட்டுக்குருவி:
தண்ணீருக்கு 10, 12 அங்குல மண்தட்டு. ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று, சின்னப் பறவைகள் அதில்தான் இறங்கும். வழவழப்பான பீங்கானில் கால் வழுக்கும், எவர்சில்வர் வெயிலில் கொதிக்கும்.

பலர் தவறுவது இங்கேதான்: தினமும் தண்ணீரை மாற்றுவார்கள், தட்டைத் தேய்க்க மாட்டார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே விளிம்பில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் விளிம்பை அழுத்தித் தேயுங்கள், சோப்பு வேண்டாம்.

தானியம் போடாதீர்கள். போட்டால் புறா குடும்பத்தோடு வந்து குடியேறும். அதன் எச்சத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல், கீழ்வீட்டுச் சண்டை வேறு.

மூணாம்மாடி:
நன்றி. கறிவேப்பிலையில் புழு விழும் என்கிறார்களே, என்ன மருந்து அடிப்பது?

இலைப்புழு:
அடிக்காதீர்கள், பால்கனியில் வேடிக்கை பார்க்க அதைவிட நல்லது கிடையாது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தளிரில் கடுகளவு மஞ்சள் முட்டை வைக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்து வருவது பார்க்கக் காக்கை எச்சம்போல, கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். கடைசித் தோலை உரித்ததும் பச்சை. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். எதிரியை விரட்டத்தான், கடிக்காது.

சிறு செடியில் இரண்டு புழுவுக்கு மேல் இருந்தால் மொட்டையாகிவிடும், மிச்சத்தைத் தெருவில் உள்ள எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுங்கள். சுமார் இரண்டு வாரத்தில் தின்பதை நிறுத்தி, நீர்க்கக் கழித்துவிட்டு, சுவர், கம்பி என்று அலையும். செத்துப்போச்சு, ஓடிப்போச்சு என்று பலர் நினைப்பது அப்போதுதான். இடுப்பில் பட்டுநூல் கட்டிச் சாய்ந்து தொங்கும் கூட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் காலையில் உடையும். வந்த பூச்சி இறகை உலர்த்தத் தொங்கும் அந்த நேரத்தில் கை வைத்தால் இறகு கோணிவிடும்.

ஒரு எச்சரிக்கை: மல்லிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கும் நாளில், புழுமேல் படாமலிருக்கக் கறிவேப்பிலைமேல் பழைய வேட்டியைப் போர்த்துங்கள்.

ஏரிக்கரை:
2019-ல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து, வாரம் 120 நிமிடமாவது இயற்கை வெளியில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதல் என்றது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் மிச்சமிருக்கிறது. சொந்தத் தோட்டத்தில் இருந்த நேரத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே பால்கனியோடு நிற்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கம்தானே. நவம்பர் முதல் மார்ச்வரை வலசை வாத்துகள், மற்ற மாதங்களில் நீலத் தாழைக்கோழி. காலை ஏழு மணிக்குள் போங்கள், பிறகு கானலில் ஒன்றும் தெரியாது.

தவிட்டுக்குருவி:
விட்டுப்போனது ஒன்று. தட்டு கம்பிப் பக்கம் நிழலில் இருக்கட்டும், நாற்காலி சுவரோரம். ஆள் அசைவது தெரிந்தால் கொண்டைக்குருவி இறங்காது. முதல் குருவி வர இரண்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் தட்டை இடம் மாற்றாதீர்கள்.