பாம்புப் பெண் படம் பார்த்தேன், இதே மாதிரி வேறு என்ன பார்க்கலாம்?

இரவுக்காட்சி:
நேற்று பிரிட்டிஷ் திகில் படக் கம்பெனியான ஹாமரின் 'தி ரெப்டைல்' (1966) பார்த்தேன். கார்ன்வால் கிராமம் ஒன்றில் ஆட்கள் முகம் கறுத்து, வாயில் நுரை தள்ளிச் சாகிறார்கள், கடைசியில் பார்த்தால் பெரிய வீட்டுப் பெண் அன்னாதான் பாம்பாக மாறிக் கடிக்கிறாள். முகமூடி மலிவானது என்று நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. மனிதன் பாதி மிருகம் பாதி என்று வருகிற பழைய பிரிட்டிஷ் படங்கள் வேறு என்ன இருக்கின்றன?

பழையபடச்சுருள்:
சித்தார் காட்சியைக் கவனித்தீர்களா? விருந்தாளிகள் முன்னால் அன்னா வாசிக்க ஆரம்பிக்கிறாள், வேகம் ஏற ஏறக் கண்ணை அப்பாவை விட்டு எடுக்கவே மாட்டாள், அவர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து சித்தாரைப் பிடுங்கி அடித்து நொறுக்குவார். முகமூடியே இல்லாத அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. செலவைக் குறைக்க இதையும் 'தி பிளேக் ஆஃப் தி ஜோம்பிஸ்' படத்தையும் ஒரே செட்டில் அடுத்தடுத்து எடுத்தார்கள், இரண்டுக்கும் இயக்குநர் ஜான் கில்லிங். அதையும் பாருங்கள், அதே தெருவை அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

விட்டில்:
'தி பிளட் பீஸ்ட் டெரர்' (1968) பார்த்துவிடுங்கள். டைகன் கம்பெனி, பீட்டர் குஷிங் போலீஸ் இன்ஸ்பெக்டர். இதில் பெண் ராட்சத அந்துப்பூச்சியாக மாறுவாள். பூச்சி வேஷம் சுமார்தான், நடுவில் கொஞ்சம் இழுக்கும், சரி. ஆனால் முடிவில் அவளைப் பிடிக்கத் தோட்டத்தில் தீ மூட்டுகிறார்கள், விளக்கைத் தேடி வரும் விட்டில் மாதிரி அவளாகவே வந்து விழுகிறாள். எனக்கு அது போதும்.

ஓநாய்_பௌர்ணமி:
என் ஓட்டு 'தி கர்ஸ் ஆஃப் தி வேர்வுல்ஃப்' (1961) படத்துக்கு. ஸ்பானிய மதவிசாரணை (மதத்துக்கு விரோதமானவர்கள் என்று ஆட்களைப் பிடித்துத் தேவாலயம் நடத்திய விசாரணை) பற்றிய படம் ஒன்றுக்குப் போட்ட செட், அது நின்றுபோகவே வீணாகக் கிடந்தது. அதற்காகவே பாரிசில் நடக்கும் மூல நாவலை ஸ்பெயினுக்கு மாற்றிவிட்டார்கள்! ஓநாய் உருவம் முழுசாகக் கடைசியில்தான் வரும், அதுவரை ஆலிவர் ரீடின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம், அதனால் உரோமம் முளைத்த பிறகும் அந்தக் கண்கள் அவருடையவை என்று தெரியும். 'தி கார்கன்' (1964) எனக்கு ஒட்டாததும் இதனால்தான், அதில் மனுஷியாக பார்பரா ஷெல்லி, தலைமுடிக்குப் பதில் பாம்புகளோடு அரக்கியாக வருவது வேறொரு நடிகை. இந்த இரண்டுக்கும் 'தி ரெப்டைல்' படத்துக்கும் ஒப்பனை ராய் ஆஷ்டன்தான், ஆகவே குறை அவர் கையில் இல்லை.

இரவுக்காட்சி:
ஆமாம், அன்னாவும் பாம்பும் ஒரே ஜாக்குலின் பியர்ஸ்தானே! உடைந்த ஜன்னல் வழியாகக் குளிர் வந்ததும் அவள் துவண்டு போவது இப்போதுதான் சரியாகப் புரிகிறது. இன்று ராத்திரி ஓநாய், அப்புறம் அந்துப்பூச்சி.